காந்தமானிக்கு இடம் தேடுவோர் கேட்டவை

சொந்தக் கையால் விமானம் கட்டிக்கொண்டிருக்கும் வாசகர்களின் கேள்விகளில் இந்த முறை ஒரே விஷயத்தைச் சுற்றியவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறோம். விமானத்தின் சாய்வையும் அது நோக்கும் திசையையும் சொல்லும் சென்சார்களை எங்கே, எப்படிப் பொருத்துவது என்பதே விஷயம். சாய்வைக் கணக்கிடும் பெட்டியை எல்லோரும் ஏஎச்ஆர்எஸ் என்றே சொல்வதால் இங்கும் அப்படியே. பூமியின் காந்தப்புலத்தை அளந்து திசை சொல்லும் பகுதி காந்தமானி. மூக்கு மேலும் கீழும் போவது பிட்ச், இறக்கை சாய்வது ரோல், மூக்கு இடவலமாகத் திரும்புவது யா.

கேள்வி: இரண்டு இருக்கை கொண்ட அலுமினிய விமானம் கட்டுகிறேன். ஏஎச்ஆர்எஸ், காந்தமானி இரண்டையும் கருவிப் பலகைக்குப் பின்னாலேயே வைத்துவிட்டால் வயர் நீளம் மிச்சமாகும். வைக்கலாமா?

ஏஎச்ஆர்எஸ்ஸை வைக்கலாம், காந்தமானியை வைக்காதீர்கள். இரண்டும் கேட்கும் இடம் வேறு வேறு.

ஏஎச்ஆர்எஸ் பெட்டிக்குள் மூன்று அச்சுக்கும் சுழற்சி வேகத்தை அளக்கும் ஜைரோக்களும், முடுக்கத்தை அளக்கும் ஆக்சிலரோமீட்டர்களும் இருக்கின்றன. இவை விறைப்பான, அதிராத, சூடு ஏறி இறங்காத இடத்தைக் கேட்கும். விமானத்தின் எடை மையத்துக்கு அருகில் இருப்பதும் நல்லது. மையத்திலிருந்து 3 மீட்டர் பின்னால் வாலில் ஒரு பெட்டி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மூக்கு விநாடிக்கு 30 டிகிரி வேகத்தில் மேலெழும்போது அந்தப் பெட்டி கூடுதலாக 0.08 ஜி அளவு நீளவாட்டு முடுக்கத்தை உணரும். அதைப் புவியீர்ப்பு என்று எடுத்துக்கொண்டால் பிட்ச் கணக்கில் கிட்டத்தட்ட 5 டிகிரி தப்பு. ஜைரோக்கள் அந்தக் கணத்தைத் தாண்டிக் கொண்டுபோய்விடும் என்பதால் திரையில் இது முழுதாகத் தெரியாது. ஆனாலும் தேவையில்லாத சுமையைக் கணக்குக்கு ஏன் கொடுக்க வேண்டும்?

காந்தமானிக்கு எடை மையம் பற்றிக் கவலையில்லை. அதற்கு வேண்டியது காந்த அமைதி. பூமியின் காந்தப்புலம் இடத்துக்கு இடம் 25 முதல் 65 மைக்ரோடெஸ்லா வரைதான். திசை காட்டுவதற்கு அதிலும் கிடைமட்டப் பகுதி மட்டுமே பயன்படும். கிடைமட்டப் பகுதி 30 மைக்ரோடெஸ்லா உள்ள ஊரில், குறுக்காக வெறும் 1 மைக்ரோடெஸ்லா வந்து சேர்ந்தாலே 2 டிகிரி போய்விடும். கருவிப் பலகைக்குப் பின்னால் ரேடியோ, ரிலே, விசிறி, எஞ்சின் தாங்கியின் எஃகுக் குழாய், ஸ்டார்ட்டருக்குப் போகும் தடித்த கேபிள் எல்லாம் இருக்கின்றன. அந்த இடம் காந்தச் சந்தை.

இரண்டும் ஒரே பெட்டியில் வரும் வகை என்றால் காந்தத்துக்கு முதலிடம் கொடுங்கள். அலுமினிய விமானங்களில் பெரும்பாலும் சாமான் அறைக்குப் பின்னால், உடற்பகுதியின் நடுக்கோட்டில் இதற்கு இடம் கிடைக்கும்.

கேள்வி: இறக்கையில் வைப்பது நல்லது என்கிறார்கள். தகட்டில் துளை போடுவதற்கு முன் அந்த இடம் அமைதியானதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

துளை போடுமுன் கேட்டீர்களே, அதுவே பாதி வேலை. இந்தச் சென்சார்களில் பெட்டியின் மேல் விழும் பழிகளில் பெரும்பாலானவை பெட்டி உட்கார்ந்திருக்கும் இடத்தின் பழிகள். ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்: எப்போதும் ஒரே அளவில், ஒரே திசையில் இருக்கும் தொந்தரவை, பொருத்திய பின் விமானத்தைச் சுற்றித் திருப்பிச் செய்யும் அளவுத்திருத்தம் கழித்துவிடும். நகர்கிற, ஏறி இறங்குகிற, சுவிட்ச் போட்டால் வந்து போகிற தொந்தரவை எந்த மென்பொருளாலும் கழிக்க முடியாது. எனவே இடம் தேடும்போது மாறுகிறவற்றைத்தான் முதலில் வேட்டையாட வேண்டும்.

இறக்கை நுனிப் பக்கம், கடைசி ஆய்வுக் கதவுக்கு உள்ளே இருக்கும் வெற்றிடம் நல்ல தொடக்கம். அங்கே மாறக்கூடியவை ஐந்து. இறக்கையைச் சாய்க்கும் பின்விளிம்புப் பலகையான ஏலெரானை அசைக்கும் தள்ளுகம்பி, அது எஃகாக இருந்தால். அலுமினியமாக இருந்தாலும் அதன் இரு முனைகளிலும் உள்ள எஃகு பேரிங்குகள். ஆட்டோபைலட்டின் ரோல் சர்வோ, அது இறக்கையில் இருந்தால். நுனி விளக்கு, ஸ்ட்ரோப், லேண்டிங் விளக்கு ஆகியவற்றுக்குப் போகும் வயர்கள். காற்றுவேகத்தை அளக்க உதவும் பீட்டோ குழாயின் ஹீட்டர்.

ஊசி உள்ள சாதாரணக் கைத்திசைகாட்டி ஒன்றை, நீங்கள் நினைத்திருக்கும் அதே இடத்தில், ஒரு மரத்துண்டின் மேல் வையுங்கள். ஊசி ஆடி நிற்கட்டும். இன்னொருவர் காக்பிட்டில் உட்கார்ந்து கட்டுப்பாட்டுத் தண்டை இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை மெல்லக் கொண்டுபோகட்டும். தள்ளுகம்பியின் முனை கடந்துபோகும் இடத்தில் ஊசி எழுந்து பார்ப்பதுபோல் ஒரு பக்கம் திரும்பி மறுபடி அமர்வதைக் கண்ணால் பார்க்கலாம். 2 டிகிரிக்கு மேல் அசைந்தால் இடத்தை மாற்றுங்கள். 30 சென்டிமீட்டர் தள்ளினாலே பெரும்பாலும் அடங்கிவிடும். ஏனென்றால் சிறு காந்தம் ஒன்றின் புலம் தூரத்தின் மும்மடிக்குக் குறைகிறது. தூரத்தை இரட்டிப்பாக்கினால் தொந்தரவு எட்டில் ஒரு பங்கு.

ஒரு சூட்சுமம் உண்டு. தொந்தரவு தெற்கு வடக்காக அமைந்துவிட்டால் ஊசி அசையாமலே ஏமாற்றும். ஆகவே விமானத்தை, அல்லது தனியாகக் கிடக்கும் இறக்கையை, 90 டிகிரி திருப்பி வைத்து ஒருமுறை மறுபடி செய்யுங்கள். கைப்பேசியின் காந்த அளவி செயலியை நம்புவோர் அதன் காந்த மூடி உறையைக் கழற்றிவிடவும். கைப்பேசி தன்னைத் தானே திருத்திக்கொண்டே இருப்பதால் அது காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். சுவிட்ச் போட்ட கணத்தில் எண் எவ்வளவு குதிக்கிறது என்பதை மட்டும் பாருங்கள்.

வயர்களுக்கு ஒரு கணக்கு. ஒற்றை வயரில் 1 ஆம்பியர் ஓடினால் 10 சென்டிமீட்டர் தள்ளி 2 மைக்ரோடெஸ்லா. பீட்டோ ஹீட்டர் 8 ஆம்பியர் இழுக்கிறது, வயர் காந்தமானிக்கு நேர் கீழே 40 சென்டிமீட்டரில் போகிறது என்றால் 4 மைக்ரோடெஸ்லா. கிடைமட்டப் புலம் 30 என்றால், மோசமான திசையில் ஏழரை டிகிரி. ஹீட்டர் சுவிட்சைப் போட்டால் திசை ஏழரை டிகிரி நகர்கிறது என்று பொருள். மேகத்துக்குள் நுழையும் நேரத்தில்தான் அந்தச் சுவிட்சைப் போடுவீர்கள்.

தீர்வு மலிவானது. அலுமினிய உடலையே திரும்பும் பாதையாக, அதாவது கிரவுண்டாகப் பயன்படுத்தாமல், ஒவ்வொரு விளக்குக்கும் ஹீட்டருக்கும் தனித் திரும்பு வயரைப் போட்டு இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கிவிடுங்கள். போகும் மின்னோட்டமும் வரும் மின்னோட்டமும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். இரண்டு வயரின் நடுவே 3 மில்லிமீட்டர் இடைவெளி என்றால், மேலே சொன்ன 4 மைக்ரோடெஸ்லா 0.03 ஆகச் சுருங்கிவிடும். ஒன்றை மறக்க வேண்டாம்: விளக்கின் உலோக உடல் இறக்கைத் தகட்டைத் தொட்டு அங்கேயும் கிரவுண்டு ஆகிவிட்டால், மின்னோட்டத்தில் ஒரு பகுதி தகட்டின் வழியே திரும்பிப் போகும். முறுக்கியதன் பலன் அந்த அளவுக்குக் குறையும்.

கேள்வி: காந்தமானியைப் பொருத்த ஸ்டெயின்லெஸ் ஸ்குரு போதுமா?

பித்தளை ஸ்குருவும் பித்தளை நட்டும் போடுங்கள். ஸ்டெயின்லெஸ்ஸில் 304 வகை அடிப்படையில் காந்தம் ஏற்காதது. ஆனால் குளிர்நிலையில் அழுத்தி மரை உருட்டும்போது சற்றே காந்தம் ஏற்கும் தன்மை வந்துவிடும். ஒவ்வொரு ஸ்குருவையும் திசைகாட்டியின் கிழக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள். தலைகீழாகத் திருப்பும்போது ஊசி எதிர்ப்பக்கம் போனால் அது காந்தமாகவே ஆகிவிட்ட துண்டு, தூக்கிப் போடுங்கள்.

ஸ்குருவைவிடப் பலரை ஏமாற்றுபவை வேறு. தகட்டில் ரிவெட் அடித்துப் பொருத்தும் நட் பிளேட்டுகள் பெரும்பாலும் எஃகு. ஒரு பக்கத்திலிருந்தே இழுத்து அடிக்கும் ரிவெட்டுகள் பலவற்றில் எஃகுத் தண்டின் அடிப்பாகம் ரிவெட்டுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. காந்தமானித் தாங்கிக்குத் திடமான அலுமினிய ரிவெட்டுகள்தான் சரி. ஆய்வுக் கதவின் ஸ்குருக்களும் இந்தக் கணக்கில் சேரும். காந்தமானிக்கு 10 சென்டிமீட்டரில் எட்டு எஃகு ஸ்குருக்களைக் கழற்றி மாட்டும்போது ஒவ்வொன்றும் வேறு துளைக்குப் போகும். திசைப் பிழையும் அதோடு மாறும். காந்த முனை கொண்ட ஸ்குரு டிரைவரை அந்தப் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

கேள்வி: என் விமானத்தின் உடற்பகுதி வெல்டிங் செய்த எஃகுக் குழாய். உள்ளே காந்தமானி வைக்க வழியே இல்லையா?

உள்ளே தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். ஆர்க் வெல்டிங் செய்த குழாய்ச் சட்டகம் பல இடங்களில் காந்தமேறி இருக்கும். மூட்டுகளின் அருகே திசைகாட்டி ஊசி முழு வட்டமே சுற்றுவதுண்டு. காந்தம் நீக்கும் சுருளைக் கொண்டு மூட்டு மூட்டாக ஓட்டினால் குறையும். ஆனால் குழாய் இரும்பாகவே இருக்கிறது, விமானம் திரும்பத் திரும்பப் பூமியின் புலம் அதில் புதிதாகத் தூண்டும் காந்தம் இருந்துகொண்டேதான் இருக்கும்.

இறக்கை மரமோ அலுமினியமோ என்றால் அங்கே போங்கள், வெளிப்பக்கத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள். துணி போர்த்த இறக்கையில் உட்புறத் தாங்குவயர்களும் ஏலெரான் கேபிள்களும் எஃகு. இரண்டு ரிப்புகளுக்கு, அதாவது இறக்கையின் குறுக்குச் சட்டங்களுக்கு, நடுவில், கேபிளிலிருந்து எவ்வளவு விலக முடியுமோ அவ்வளவு விலகுங்கள். கேபிள் நகர்கிற பொருள் என்பதால் முன்சொன்ன தண்டசைவுச் சோதனை இங்கே கட்டாயம். துணி போர்த்துவதற்கு முன்பே தாங்கியையும் ஆய்வு வளையத்தையும் வைத்துவிடுங்கள்.

கேள்வி: ஏஎச்ஆர்எஸ் பெட்டியை ரசமட்டம் வைத்து நேராகப் பொருத்திவிட்டேன். காந்தமானி இறக்கை ரிப்பில் இருக்கிறது. இறக்கை நுனி நோக்கி மூன்றரை டிகிரி மேலே போகிறது. இந்தச் சாய்வு பொருட்டா? அளவுத்திருத்தம் செய்தால் சரியாகிவிடாதா?

பொருட்டுதான். அளவுத்திருத்தம் இதைச் சரிசெய்வதுபோல் காட்டி மறைத்துவிடும் என்பதால் இன்னும் பொருட்டு.

பூமியின் காந்தப்புலம் கிடைமட்டமாக மட்டும் ஓடுவதில்லை. நிலநடுக்கோட்டை விட்டு விலக விலகத் தரைக்குள் குத்தி இறங்குகிறது. 60 டிகிரி இறங்கும் ஊரில் செங்குத்துப் பகுதி கிடைமட்டப் பகுதியைப்போல் 1.7 மடங்கு. காந்தமானி, ஏஎச்ஆர்எஸ்ஸோடு ஒப்பிட 1 டிகிரி ரோலில் சாய்ந்திருந்தால் அந்தச் செங்குத்துப் பகுதி குறுக்கு அச்சுக்குள் கசிந்து, வடக்கு நோக்கும்போது 1.7 டிகிரி திசைப் பிழை தரும். மூன்றரை டிகிரி என்றால் 6 டிகிரி. இறங்குகோணம் 10 டிகிரியே உள்ள ஊரில் இதே சாய்வு 0.6 டிகிரிதான் தரும். ஆகவே ஓரிடத்தில் நன்றாக வேலை செய்த விமானம் வேறு அட்சரேகைக்குப் பறந்துபோனதும் தடுமாறுவதுண்டு.

தரையில் மட்டமாக நின்று சுற்றும்போது இந்தக் கசிவு ஒரே அளவில் இருப்பதால் அளவுத்திருத்தம் இதை ஒரு நிலையான இரும்பின் வேலை என்று எண்ணிக் கழித்துவிடும். எல்லாத் திசையும் சரியாகக் காட்டும். மேலே போய் 30 டிகிரி சாய்ந்து திரும்பும்போது கசிவின் அளவு மாறும், கழித்த எண் பொருந்தாது, திசை விலகும், நேரானதும் மெல்ல ஊர்ந்து திரும்பி வரும். திருப்பம் முடிந்து பத்திருபது விநாடி திசை எண் நகர்ந்துகொண்டே இருந்தால் முதலில் இந்தக் கோணத்தைச் சந்தேகியுங்கள்.

செய்ய வேண்டியது இது. விமானத்தை அதன் வரைபடத்தில் சொல்லியுள்ள மட்டக்கோட்டுக்கு, பெரும்பாலும் காக்பிட்டின் நீளவாட்டுச் சட்டங்களான லாஞ்சரான்களுக்கு, ஜாக்கியால் தூக்கியோ சக்கரத்தடியில் பலகை கொடுத்தோ மட்டமாக்குங்கள். 0.1 டிகிரி காட்டும் டிஜிட்டல் மட்டம் தேவை. ஒரே இடத்தில் முன்பின்னாகத் திருப்பி வைத்து இரண்டு முறையும் ஒரே எண் வருகிறதா பாருங்கள். வராவிட்டால் மட்டத்தை முதலில் சரிசெய்யுங்கள். பிறகு ஏஎச்ஆர்எஸ் பெட்டியின் மேல் வைத்துப் பிட்ச், ரோல் கோணங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். காந்தமானியின் மேல் அதே இரண்டு கோணங்களும் வர வேண்டும், அரை டிகிரிக்குள். பெட்டி 0.4 டிகிரி மூக்குயர்ந்து உட்கார்ந்திருந்தால் காந்தமானியும் 0.4 மூக்குயர வேண்டும்.

மூன்றரை டிகிரிக்கு, 80 மில்லிமீட்டர் அகலத் தாங்கியின் ஒரு விளிம்பு 4.9 மில்லிமீட்டர் உயர வேண்டும். அலுமினியத்தில் ஆப்பு வடிவில் அரமிட்டு ஷிம், அதாவது அடியில் கொடுக்கும் இடைத்தகடு, செய்வதே நல்லது. வாஷர்களை அடுக்கினால் ஒரு குளிர்காலத்தில் தளர்ந்துவிடும். இறக்கை பிட்ச்சிலும் ஒன்றிரண்டு டிகிரி ஏற்றமாக இருக்கும், நுனியில் முறுக்கமும் இருக்கலாம். எனவே இரண்டு அச்சிலும் ஷிம் தேவைப்படும்.

யா கோணத்துக்கு மட்டம் உதவாது. விமானத்தின் நடுக்கோட்டில் மூக்கிலிருந்தும் வாலிலிருந்தும் தூக்குக்குண்டு விட்டுத் தரையில் நூல் பிடியுங்கள். ஏஎச்ஆர்எஸ் தாங்கியின் விளிம்பிலிருந்தும் இரண்டு குண்டு விட்டு, அந்த நூலோடு இணையாக இருக்கிறதா அளவுங்கள். 200 மில்லிமீட்டர் நீளத்தில் மூன்றரை மில்லிமீட்டர் வித்தியாசம் என்றால் 1 டிகிரி. பெட்டி 2 டிகிரி யாவில் திரும்பியிருந்தால் 45 டிகிரி சாய்வில் பிட்ச் 1.4 டிகிரி தப்பாக வரும். பிட்ச், ரோல் விலகல்களைத் திரையின் அமைப்புப் பக்கத்தில் கழித்துவிடலாம். யாவைக் கழிக்கும் வசதி எல்லாவற்றிலும் இல்லை, உலோகத்திலேயே சரிசெய்துவிடுங்கள். காந்தமானியையும் இதே நூலுக்குத்தான் இணையாக வைக்க வேண்டும், இறக்கையின் முதுகெலும்பான ஸ்பாரை வைத்து அல்ல. இறக்கை சற்றே பின்சாய்ந்திருந்தால் ஸ்பாருக்குச் செங்குத்து என்பது நடுக்கோட்டுக்கு இணை ஆகாது.

கேள்வி: காந்தமானியிலிருந்து தகவல் கொண்டுவரும் இரட்டை வயர் இணைப்பான கேன் பஸ் சில நேரம் துண்டித்து மறுபடி வருகிறது.

மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கேன்-ஹை, கேன்-லோ வயர்கள் இரண்டுக்கும் நடுவே மல்ட்டிமீட்டரில் அளவுங்கள். 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் ஒரு முனையில் மின்தடை இல்லை. 40 வந்தால் மூன்றாவது ஒன்று எங்கோ இருக்கிறது. முனை மின்தடைகள் பஸ்ஸின் இரு கோடிகளில் மட்டுமே, ஒவ்வொன்றும் 120 ஓம். நடுவில் பிரியும் கிளைகள் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. 60 சரியாக வந்தும் துண்டித்தால் இறக்கை வேரில் உள்ள கனெக்டரைப் பாருங்கள்; சரியாக அழுத்தப்படாத பின் ஒன்று கைக்கு வரும். நிக்கல் பூசிய கனெக்டர் உறையும் இரும்பு ஸ்குருவும் உள்ள இணைப்பைக் காந்தமானிக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டாம், அரை மீட்டராவது தள்ளுங்கள்.

கேள்வி: அளவுத்திருத்தம் செய்து முடித்தேன். பிறகு சரிபார்த்தபோது வடக்கில் 004, கிழக்கில் 097, தெற்கில் 180, மேற்கில் 267 காட்டுகிறது. மறுபடி மறுபடி செய்துகொண்டே இருக்க வேண்டியதுதானா?

வேண்டாம். நீங்கள் அனுப்பிய நான்கு எண்களே நோயைச் சொல்கின்றன.

காட்டியதிலிருந்து உண்மையைக் கழியுங்கள்: வடக்கு +4, கிழக்கு +7, தெற்கு 0, மேற்கு -3. நான்கின் சராசரி +2. இது எல்லாத் திசைக்கும் பொதுவான பிழை. காந்தமானி 2 டிகிரி வலப்பக்கம் திரும்பிப் பொருத்தப்பட்டிருக்கிறது. மேலிருந்து பார்க்க 2 டிகிரி இடஞ்சுழியாகத் திருப்புங்கள். அதற்கு முன் நீங்கள் சரிபார்த்த இடத்தின் வடக்கு உண்மையான காந்த வடக்குதானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். தரையில் போட்ட கோடு 2 டிகிரி தப்பாக இருந்தாலும் பிழை இதே இடத்தில்தான் வந்து சேரும்.

கிழக்கிலிருந்து மேற்கைக் கழித்துப் பாதியாக்கினால் 5. இது விமானத்தின் முன்பின் திசையில் அமைந்த நிலையான காந்தத்தின் பங்கு. வடக்கிலிருந்து தெற்கைக் கழித்துப் பாதியாக்கினால் 2. அது குறுக்குத் திசையில் அமைந்ததன் பங்கு. வடகிழக்கு முதலான நான்கு மூலைகளிலும் அளந்திருந்தால், தானே காந்தமில்லாமல் பூமியின் புலத்தை வளைக்கும் வெற்றிரும்பு இருக்கிறதா என்பதும் தெரிந்திருக்கும். அது வட்டத்துக்கு இருமுறை ஏறி இறங்கும்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். முன்பின் 5 டிகிரியை அளவுத்திருத்தம் கழித்திருக்க வேண்டும். கழிக்கப்பட்டும் 5 நிற்கிறது என்றால், திருத்தம் செய்தபோது இல்லாத ஒன்று சரிபார்க்கும்போது வந்திருக்கிறது, அல்லது அப்போது இருந்தது இப்போது இல்லை. ஆய்வுக் கதவு அப்போது திறந்திருந்ததா? விளக்கு எரிந்ததா? எஞ்சின் நின்றிருந்து மின்னாக்கி ஓடவில்லையா? எஃகுச் சட்டம் போட்ட காக்பிட் மூடி திறந்திருந்ததா? இழுவைக் கம்பி மூக்குச் சக்கரத்திலேயே இருந்ததா? வித்தியாசத்தைக் கண்டுபிடித்துவிட்டால் அடுத்த திருத்தம் ஒரே முறையில் அமரும்.

திருத்தத்துக்கு விமானம் பறக்கும்போது எப்படி இருக்குமோ அப்படியே இருக்க வேண்டும்: எஞ்சின் ஓட்டத்தில், மூடி சாத்தி, ஃப்ளாப் மேலே, வழக்கமாக எரியும் விளக்குகள் எரிய, ஹெட்செட் வழக்கமான இடத்தில். வால் சக்கர விமானம் என்றால் வாலைத் தூக்கி மட்டமாக்குங்கள். மரப் பலகைத் தாங்கி நல்லது, அதில் அடித்த ஆணிகளை நினைவில் வையுங்கள். விமானத்தைச் சுற்றி நடப்பவர் சாவிக்கொத்தையும் கைப்பேசியையும் வைத்துவிட்டு வரட்டும், எஞ்சின் ஓடினால் புரொப்பல்லர் பக்கம் யாரும் வேண்டாம்.

கேள்வி: ஷெட்டுக்கு முன்னால் உள்ள கான்கிரீட் தளத்தில் செய்யலாமா?

கூடாது. கான்கிரீட்டுக்குள் இரும்புக் கம்பி வலை இருக்கும், ஷெட்டின் கதவும் தூண்களும் எஃகு. கட்டடம், வண்டிகள், புதைந்த மின்கேபிள் எல்லாவற்றிலிருந்தும் 100 மீட்டராவது விலகிய இடம் வேண்டும். திசைகாட்டியைக் கையில் பிடித்து, தொலைவில் உள்ள ஒரே மரத்தைப் பார்த்துக்கொண்டு அந்த இடத்தில் பத்தடி முன்னும் பின்னும் நடந்து பாருங்கள். மரத்தின் திசை மாறாமல் இருந்தால் தரை நல்லது.

கேள்வி: தரையில் இருக்கும்போது திரை காட்டும் அடிவானம் நேராக நிற்கிறது. பறக்கும்போது நீண்ட திருப்பம் முடிந்ததும் சில டிகிரி சாய்ந்து நின்று மெல்லச் சரியாகிறது. பெட்டி கெட்டுவிட்டதா?

பெட்டியைக் கழற்றுமுன் இரண்டைப் பாருங்கள்.

முதலாவது பீட்டோ குழாய். சமமான திருப்பத்தில் புவியீர்ப்பும் மையவிலக்கு விசையும் சேர்ந்து விமானத்தின் தரையை நோக்கி நேராக இழுக்கின்றன. சறுக்கலைக் காட்டும் கருவியின் பந்து நடுவில் நிற்பது அதனால்தான். ஆக்சிலரோமீட்டருக்கு அந்த நேரத்தில் விமானம் சாயவே இல்லை என்றுதான் தோன்றும். 100 நாட் வேகத்தில் விநாடிக்கு 3 டிகிரி திரும்பினால் உண்மைச் சாய்வு 15 டிகிரி. ஆக்சிலரோமீட்டரோ பூஜ்யம் என்னும். இந்தப் பொய்யைக் கழிக்கப் பல பெட்டிகள் காற்றுவேகத்தை எடுத்துத் திரும்பும் வேகத்தால் பெருக்கிக்கொள்கின்றன. சில ஜிபிஎஸ் வேகத்தைப் பயன்படுத்துகின்றன. பீட்டோ குழாயில் கசிவோ தண்ணீரோ பூச்சிக் கூடோ இருந்தால் வேகம் மட்டுமல்ல, அடிவானமும் சாயும். குழாயின் ஒவ்வொரு இணைப்பையும் கசிவுச் சோதனை செய்யுங்கள். பெட்டிக்குள் நுழையும் இடத்தில் பீட்டோ குழாயும், வெளிக்காற்றின் நிலையழுத்தத்தைக் கொண்டுவரும் ஸ்டாட்டிக் குழாயும் இடம் மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இரண்டாவது அதிர்வு. நிமிடத்துக்கு 2700 சுற்றில் எஞ்சின் விநாடிக்கு 45 முறை சுழல்கிறது. நான்கு சிலிண்டர் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் 90 முறை வெடிக்கிறது, இரண்டு அலகுப் புரொப்பல்லரும் 90 முறை தட்டுகிறது. பெட்டி உட்காரும் தட்டு இதே அதிர்வெண்ணில் ஒத்துப்போனால் ஜைரோக்கள் அந்த நடுக்கத்தைச் சுழற்சி என்று கூட்டிக்கொண்டே போகும். அடையாளம் எளிது: குறிப்பிட்ட சுற்றில் மட்டும் சாயும், 200 சுற்று குறைத்தால் நேராகும். தட்டை விரல் கணுவால் தட்டிப் பாருங்கள். தகரப் பெட்டிபோல் ஒலித்து நீடித்தால் அது முரசு. பலகையைத் தட்டியதுபோல் அடங்கினால் சரி. 0.6 மில்லிமீட்டர் தகட்டில் நேராக ஸ்குரு போட்டவர்களுக்குத்தான் இது பெரும்பாலும் வருகிறது. 1.6 மில்லிமீட்டர் தகட்டை நான்கு பக்கமும் 20 மில்லிமீட்டர் மடித்து, இரண்டு ரிப்புகளுக்கோ லாஞ்சரானுக்கோ சேர்த்து ரிவெட் அடியுங்கள். ரப்பர் தாங்கி போட்டால் அடங்கும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் ரப்பர் பெட்டியை விமானத்திலிருந்து தனியாக ஆட விடுகிறது. தயாரிப்பாளர் கேட்டால் ஒழிய ரப்பர் வேண்டாம். வயர்க்கட்டின் கனம் பெட்டியின் மேல் தொங்காமல் 10 சென்டிமீட்டருக்குள் ஒரு கட்டுப் போட்டுவிடுங்கள்.

கேள்வி: முதல் பறப்புக்கு முன் தரையிலேயே என்னென்ன பார்த்துவிட வேண்டும்?

பெட்டி எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது என்று அமைப்புப் பக்கத்தில் சொல்லியிருப்பீர்கள்: கனெக்டர் முன்னோக்கியா, பின்னோக்கியா, பக்கவாட்டிலா. அது தப்பாகிவிட்டால் திரை அமைதியாக, அழகாக, எதிர்ப்பக்கம் சாயும். இதை மட்டும் இரண்டு பேர் தனித்தனியாகச் சரிபார்க்கட்டும். வாலைத் தூக்குங்கள், திரையில் மூக்கு தாழ வேண்டும். இடது சக்கரத்தடியில் ஒரு பலகை கொடுங்கள், வலப்பக்கச் சாய்வு வர வேண்டும். டிஜிட்டல் மட்டம் காட்டும் கோணத்தோடு 1 டிகிரிக்குள் ஒத்துப்போக வேண்டும். வலப்பக்கம் திருப்பித் தள்ளுங்கள், திசை எண் ஏற வேண்டும்.

அசையாமல் ஐந்து நிமிடம் விடுங்கள், அடிவானம் ஊரக் கூடாது. பிறகு எஞ்சினை ஓட்டி, திசை எண்ணைப் பார்த்துக்கொண்டு ஒவ்வொரு சுவிட்சாகப் போடுங்கள்: நுனி விளக்கு, ஸ்ட்ரோப், லேண்டிங் விளக்கு, பீட்டோ ஹீட்டர், ஃப்ளாப் மோட்டார், டிரிம், ஆட்டோபைலட் சர்வோ, ரேடியோவில் பேச்சு. கட்டுப்பாட்டுத் தண்டை நான்கு மூலைக்கும் கொண்டுபோங்கள். ஒவ்வொன்றுக்கும் எண் எவ்வளவு நகர்ந்தது என்று எழுதுங்கள். 2 டிகிரிக்கு மேல் போனதன் வயரைத் தேடிப் பிடிக்காமல் அடுத்த வேலைக்குப் போக வேண்டாம்.

கடைசியாக, முதன்மைத் திரையின் மின்சாரத்தை அணைத்துப் பாருங்கள். தனி பேட்டரியில் ஓடும் இரண்டாவது சாய்வுக் கருவி தொடர்ந்து வேலை செய்ய வேண்டும். காந்தமானியின் கனெக்டரையும் ஒருமுறை கழற்றிப் பாருங்கள்: திசை எண்ணில் குறுக்குக்கோடு விழ வேண்டும், அடிவானம் தொடர்ந்து நிற்க வேண்டும். உங்கள் பெட்டியில் அடிவானமும் சேர்ந்து போய்விடுகிறது என்றால் அதைக் காகிதத்தில் எழுதிக் கருவிப் பலகையிலேயே ஒட்டிவைத்து, மேகத்தைத் தொடாமல் முதல் மணிநேரங்களைப் பறந்து முடியுங்கள்.